காமார்க்கின் பறவைகள்

ஐரோப்பாவின் நடுவே ஓங்கி நிற்கும் ஆல்ப்சு மலைத்தொடரில், சுவிட்சர்லாந்து நாட்டுப் பனியாறு ஒன்றிலிருந்து பிறப்பது உரோன் ஆறு. அது செனீவா ஏரியில் புகுந்து வெளிப்பட்டு, பிரான்சு நாட்டின் ஊடே தெற்கு நோக்கிப் பாய்ந்து, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வழி நடந்து மத்தியதரைக் கடலை அடைகின்றது. கடலை அணுகுமுன், ஆர்ல் என்னும் பழம்பதியின் அருகே அவ்வாறு இரண்டாகப் பிரிகின்றது. கிழக்கே செல்லும் கிளை பெரிய உரோன் என்றும், மேற்கே செல்லும் கிளை சிறிய உரோன் என்றும் பெயர் பெறும். இவ்விரு கிளைகளுக்கும் கடலுக்கும் இடையே முக்கோண வடிவில் தாழ்ந்து கிடக்கும் நிலமே காமார்க் ஆகும்.

இந்நிலத்தில் குன்றும் இல்லை. அடர்ந்த காடும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தொலைவு வரையில் சதுப்பும், நாணற்புதரும், உமரிச்செடி படர்ந்த உப்புத்தரையுமே தோன்றும். இவற்றின் நடுவே வக்கரேஸ் என்னும் பெருங்காயல் விரிந்து கிடக்கின்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 65 சதுரக் கிலோமீட்டர். ஆழமோ இரண்டு மீட்டரையும் எட்டாது. வெண்ணிறக் குதிரைகளும் கரிய எருதுகளும் கரைகளில் மந்தை மந்தையாக மேய்கின்றன. ஆயினும், உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் இருகண் தொலைநோக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு இங்கு வருவது குதிரைகளைக் காண்பதற்காக அன்று, பறவைகளைக் காண்பதற்காகவே.

பறவைகள் இவ்விடத்தைத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. வடக்கே ஐரோப்பாவின் குளிர்நாடுகள். தெற்கே கடலைக் கடந்தால் ஆப்பிரிக்கா. காமார்க்கின் கரையிலிருந்து அல்சீரிய நாட்டுக் கரைக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல் கிடக்கின்றது. அக்கடலைக் கடக்கும் சிறு பறவைகளுக்கு இடையில் கால் வைக்க இடம் கிடைப்பது அரிது. தெற்கு நோக்கிச் செல்லும் பறவைக்குக் காமார்க் கடைசிச் சத்திரம். வடக்கு நோக்கித் திரும்பும் பறவைக்கு அதுவே முதற் சத்திரம்.

மத்தியதரைக் கடற்கரை நாடுகளின் பருவநிலையையும் இங்கு அறிந்துகொள்ளுதல் வேண்டும். அங்குக் கோடைக்காலம் மழையற்றது. மழை பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் அதனை அடுத்தும் பெய்கின்றது. ஆதலால் கோடையில் வற்றி வெடித்துக் கிடந்த குட்டைகள், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மீண்டும் நீர் காண்கின்றன. பறவை காண்போர்க்கு ஆண்டு தொடங்குவது சனவரியில் அன்று, அம்முதல் மழையிலேயே.

அம்மழைக்கு முன்னரே வழிப்போக்கர் சிலர் வந்து போய்விடுவர். ஆகஸ்டு மாதத்திலேயே வடதுருவப் பகுதியிலிருந்து உள்ளான்கள் இறங்கிச் சேற்றைக் கிளறிப் புழுக்களைத் தின்று கொழுப்பேற்றிக்கொண்டு புறப்படுகின்றன. வேனிலெல்லாம் மணற்கரைகளில் வளை தோண்டிக் குடியிருந்த பஞ்சுருட்டான்கள் செப்டம்பரில் மறைந்துவிடும். மாலை வேளைகளில் தகைவிலான்கள் ஆயிரக்கணக்கில் நாணற்காட்டின்மேல் வட்டமிட்டு, இருள் கவியும் நேரத்தில் மழை பொழிவதுபோல் நாணலுக்குள் விழுந்து அடங்குகின்றன. சில நாட்களில் அந்நாணற்காடு வெறுமையாகிவிடும்.

அவை சென்ற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடக்கிலிருந்து வாத்துகள் வரத் தொடங்குகின்றன. பச்சைத் தலை மின்னும் ஆண் வாத்துகளும், உருவிற் சிறிய கிளுவைகளும், ஊசிவால் வாத்துகளும், அகப்பை போன்ற அலகுடைய தட்டைவாயன்களும் பின்லாந்திலிருந்தும் உருசியாவிலிருந்தும் வந்து சேர்கின்றன. நாமக்கோழிகள் நீர்ப்பரப்பில் கருந்திட்டுகளாகக் கூடுகின்றன. குளிர்காலத்தின் நடுவில் காமார்க்கில் தங்கும் வாத்துகளின் தொகையைப் பல்லாயிரம் என்று சொல்வது போதாது. இலட்சத்தைத் தொடும் ஆண்டுகளும் உண்டு.

இவ்வளவு பறவைகளை எண்ணுவது எவ்வாறு? புதிதாகத் தொலைநோக்கி பிடிப்போர் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கி, முப்பதைத் தாண்டுமுன் கூட்டம் எழுந்து பறந்துவிடக் கண்டு சோர்வடைவர். பழகியோர் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை கண்ணுக்கு எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று மனத்திற் கொள்வர். பின்னர் அவ்வளவைப் பத்து மடங்காக்கி நூறு என்று மதிப்பர். அந்நூற்றை அளவுகோலாகக் கொண்டு கூட்டம் முழுவதையும் அளந்துவிடுவர். ஒருவர் ஒரு தொகையும் மற்றவர் வேறொரு தொகையும் கூறுவதுண்டு. எனினும் ஒரே முறையில், ஒரே இடத்தில், ஆண்டுதோறும் எண்ணி வந்தால், கூடுகின்றதா குறைகின்றதா என்பது ஐயமின்றி விளங்கும். காமார்க்கில் 1960-களின் நடுப்பகுதியிலிருந்து குளிர்கால மாதந்தோறும் சிறு விமானத்தில் பறந்து வாத்துகளை எண்ணும் வழக்கம் ஏற்பட்டது. அதனை நெடுங்காலம் நடத்தியவர் அலென் தமிசியே என்னும் பிரெஞ்சு அறிஞர்.

அவர் கண்டறிந்த செய்தி ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. பகலில் இவ்வாத்துகள் அகன்ற நீர்ப்பரப்பின் நடுவே கூட்டமாக மிதந்து கொண்டிருக்கும். உறங்கும், இறகு கோதும், ஆண் வாத்துகள் பெண் வாத்துகளின்முன் கழுத்தை நிமிர்த்தி ஆட்டம் காட்டும். இரை தேடுவதை மட்டும் பெரும்பாலும் காண முடியாது. கதிரவன் மறைந்து அரைமணி நேரத்திற்குள் அவை கூட்டங்கூட்டமாக எழுந்து, பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆழமற்ற சதுப்புகளுக்குச் சென்று, இரவெல்லாம் விதைகளைத் தின்று, விடியுமுன் திரும்பிவிடுகின்றன. ஆகவே வாத்துக்கு வேண்டுவது ஓர் இடமன்று, இரண்டு இடங்கள். பகலில் அச்சமின்றித் தங்குவதற்கு ஒரு நீர்நிலை. இரவில் உண்பதற்கு ஒரு சதுப்பு. இவற்றுள் ஒன்றைக் காத்து மற்றொன்றை அழித்தால் பயன் இல்லை.

காமார்க்கில் வாத்து வேட்டை பழமையானது. சதுப்பு நிலங்களுள் பெரும்பகுதி தனியார் உடைமை. வேட்டைக்கு வாத்து வேண்டும் என்பதற்காகவே அவற்றில் நீர் நிறுத்திக் காத்தவர் பலர். ஆதலால் வேட்டையாடுவோரால்தான் சதுப்புகள் பல வயலாக மாறாமல் தப்பின என்று கூறுவது முற்றிலும் பொய்யன்று. ஆனால் அவர் துப்பாக்கியிலிருந்து சிதறிய ஈயக்குண்டுகள் ஆண்டுதோறும் சேற்றில் புதைந்தன. வாத்து தன் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் இயல்புடையது. கல்லென்று கருதி ஈயத்தை விழுங்கியவை, குண்டடி படாமலே நஞ்சேறி மெலிந்து மடிந்தன. சுடப்பட்ட வாத்தைவிடச் சுடப்படாத வாத்துக்கு நேர்ந்த சாவு கொடிது. அது காண்பார் இன்றி நாணலுக்குள் நிகழ்வது. பிடித்த வாத்துகளின் வயிற்றை ஊடுகதிர்ப் படமெடுத்து ஆராய்ந்தோர் இதனைப் பலமுறை எடுத்துக்காட்டிய பின்னர், 2006-ஆம் ஆண்டு முதல் பிரான்சு நாட்டின் ஈர நிலங்களில் ஈயக்குண்டு விலக்கப்பட்டது.

குளிர்காலத்தில் உரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே வடக்கிலிருந்து மிஸ்திரால் என்னும் வறண்ட குளிர்காற்று வீசும். சில வேளை மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவையும் அது கடப்பதுண்டு. வானத்தில் முகில் இராது; ஒளி கண்ணைப் பறிக்கும்; ஆனால் தொலைநோக்கியைப் பிடித்த கை நடுங்கும். அந்நாட்களில் பறவை காண்போர் கரைமேட்டின் மறைவில் மண்டியிட்டு அமர்ந்தே பார்க்க வேண்டியிருக்கும். அங்கு அவ்வாறு அமர்ந்திருப்போர் கண்முன் விரியும் காட்சிகளுள் தலைசிறந்தது பூநாரைகளின் ஆட்டமாகும்.

பூநாரை, மனிதனின் மார்பளவுக்கு மேல் உயர்ந்த பறவை. கால்களும் கழுத்தும் மிக நீண்டவை. நிறம் வெளிறிய செம்மை. சிறகை விரித்தால் உட்புறம் கருஞ்சிவப்பும் கறுப்புமாக ஒளிரும். அதன் அலகு நடுவில் வளைந்தது. தலையைக் கவிழ்த்து அலகை நீரில் தலைகீழாக வைத்து, நாவினால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளும். அலகின் ஓரங்களில் அமைந்த நுண்ணிய தகடுகள் வடிகட்டிபோல் நின்று, உப்புநீரில் வாழும் சிறு இறால்களையும் விதைகளையும் தடுத்து நிறுத்தும். இவ்வுணவில் அடங்கிய செந்நிறப் பொருளே இறகுகளுக்கு நிறம் தருகின்றது. அவ்வளவில் பறவை நிறைவடைவதில்லை போலும்! வாலடியிலுள்ள சுரப்பியிலிருந்து ஊறும் செந்நிற நெய்யைக் கன்னத்தால் தடவி, இணை தேடும் பருவத்தில் இறகுகளுக்கு மேலும் நிறம் ஏற்றிக்கொள்கின்றது என்று ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர் அண்மைக்காலத்தில் கண்டறிந்துள்ளனர்.

ஆட்டம் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். நூற்றுக்கணக்கான பூநாரைகள் நெருங்கி நின்று கழுத்தை நேரே நிமிர்த்தித் தலையை இடமும் வலமும் திருப்பும். திடீரென ஒன்று சிறகுகளை விரித்து ஒருகணம் அப்படியே நிற்கும். அதைக் கண்டு மற்றவையும் விரிக்கும். பிறகு கூட்டம் முழுதும் ஒரே திசையில் விரைந்து நடந்து, யாரோ ஆணையிட்டதுபோல் ஒருங்கே திரும்பும். ஒலியோ வாத்தின் குரலை ஒத்த கரகரப்பு. அவ்வளவு எழிலுக்கு அக்குரல் பொருந்தவில்லை என்றே கேட்போர் கருதுவர்.

மார்ச்சு மாதம் பிறந்ததும் கடலைக் கடந்து வேனிற் பறவைகள் வரத் தொடங்குகின்றன. எதிர்க்காற்று வீசும் நாட்களில் அவற்றின் துன்பம் பெரிது. இரவெல்லாம் பறந்து களைத்த சிறு குருவிகள், கரையை அடைந்ததும் முதலில் தென்படும் புதரில் விழுந்து, ஆள் அருகே வந்தாலும் எழ மாட்டாமல் கிடக்கின்றன. அத்தகைய நாளில் தொலைநோக்கி தேவையே இல்லை. ஆனால் நல்ல பறவை காண்போர் புதரை நெருங்காமல் விலகி நிற்பர்; ஒருமுறை வெருண்டு எழுவதற்குச் செலவாகும் வலிமை, அக்குருவியின் கையிருப்பில் கடைசியாக இருக்கக்கூடும்.

ஏப்ரலில் காமார்க் முழுவதும் குரல்களால் நிறைகின்றது. நெடுங்கால் உள்ளான்கள் வயல்மீது கத்திப் பறக்கின்றன. மேல்நோக்கி வளைந்த அலகுடைய கோணமூக்கு உள்ளான்கள் நீரைப் பக்கவாட்டில் அரிந்து நடக்கின்றன. பஞ்சுருட்டான்களும், நீலச்சிறகுப் பனங்காடைகளும், கொண்டலாத்திகளும் திரும்புகின்றன. எருதுகளின் காலடியில் வெருண்டெழும் பூச்சிகளைப் பிடிக்க உண்ணிக்கொக்குகள் சூழ்கின்றன. உண்ணிக்கொக்கு காமார்க்கின் பழங்குடியன்று. 1960-களின் இறுதியிலேதான் அது அங்குக் கூடு கட்டிக் குடியேறியது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் செந்நாரை மட்டும் நாணற்காட்டையே நாடும். அதுவும் புது நாணலை அன்று. சென்ற ஆண்டின் உலர்ந்த நாணலை. வீட்டுக்கூரை வேய்வதற்காகக் குளிர்காலத்தில் நாணல் அறுப்பது அப்பகுதி மக்களின் தொழில். முற்றும் அறுத்துவிட்ட இடத்தில் செந்நாரை கூடு கட்ட வழியில்லை. ஒரு பகுதியை அறுக்காமல் விட்டுவைத்தாலோ, இருவர் பிழைப்பும் நடக்கும்.

பூநாரையின் கதை இதனினும் சிக்கலானது. அது தரையில் கூடு கட்டும் பறவை. சேற்றை அலகால் வாரிக் குவித்து, உச்சியில் குழிவுள்ள சிறு மேடாக்கி, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும். தரையில் கூடு இருப்பதால், நரி முதலிய விலங்குகள் வர முடியாதபடி நான்கு புறமும் நீர் சூழ்ந்த திட்டு அதற்கு வேண்டும். அத்திட்டு ஆயிரக்கணக்கான இணைகளுக்கு இடம் தருவதாகவும் இருத்தல் வேண்டும். சிறு கூட்டமாக முட்டையிட அப்பறவை விரும்புவதில்லை.

அத்தகைய திட்டுகள் காமார்க்கில் ஒரு காலத்தில் தாமாகவே தோன்றின. ஆறு பெருகி மண்ணைக் கொட்டியது. கடல் அதனை அரித்து வேறிடத்தில் சேர்த்தது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெள்ளத்தைத் தடுக்க ஆற்றின் இரு கரைகளிலும், உப்புநீரைத் தடுக்கக் கடலோரத்திலும் பெரிய அணைகரைகள் எழுப்பப்பட்டன. அன்றுமுதல் காமார்க்கின் நீர் இயற்கையின் கையை விட்டு மனிதன் கைக்கு மாறிவிட்டது. ஆற்றுநீர் பொறிகளால் இறைக்கப்பட்டு நெல்வயல்களுக்குச் செல்கின்றது. கடல்நீர் இறைக்கப்பட்டு உப்பளங்களுக்குச் செல்கின்றது. மனிதன் தீண்டாத நிலம் என்று எண்ணி இங்கு வருவோர் பலர். உண்மையில் எந்தக் குட்டையில் எந்த மாதம் எவ்வளவு நீர் நிற்கவேண்டும் என்பதை யாரோ ஒருவர் மதகருகே நின்று முடிவு செய்கின்றார்.

ஆறு புதுத்திட்டு தருவது நின்றது. பழைய திட்டுகளை அலை கரைத்தது. கடற்காகங்கள் பெருகி முட்டைகளைக் கவர்ந்தன. தாழப் பறந்த விமானங்களும் அடைகாக்கும் பறவைகளை வெருட்டின. 1962 முதல் 1968 வரை ஏழு ஆண்டுகள் காமார்க்கில் பூநாரைக் குஞ்சு ஒன்றுகூடப் பிறக்கவில்லை. பூநாரைகள் வந்தன, ஆட்டம் ஆடின, ஆனால் கூடு கட்டாமலே நின்றன. நீண்ட ஆயுள் உடைய பறவையாதலால் கூட்டத்தின் தொகை உடனே குறைந்து காணப்படவில்லை. வேடிக்கை பார்க்க வந்தோர், பூநாரைகள் எப்போதும்போல் இருக்கின்றன என்று மகிழ்ந்து திரும்பினர். ஆண்டுதோறும் குறிப்பேட்டில் எழுதி வந்தோர்க்கு மட்டுமே, ஒரு தலைமுறை பிறவாமல் போயிற்று என்பது தெரிந்திருந்தது.

அவ்வாறு எழுதி வந்தோர் தூர் தியு வலா என்னும் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள். சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரில் 1923-இல் பிறந்த லுக் ஹாப்மன் என்பவர், இளமையிலேயே பறவைகளில் ஈடுபாடு கொண்டு, வக்கரேஸ் காயலின் கிழக்கே ஒரு பண்ணையை விலைக்கு வாங்கி, 1954-இல் அந்நிலையத்தை நிறுவினார். தொடக்கத்தில் அங்கு நடைபெற்ற பணி, வாத்துகளையும் கரைப்பறவைகளையும் பிடித்து எண் பொறித்த வளையம் மாட்டி விடுவதேயாகும். பல்லாயிரம் கிளுவைகள் அவ்வாறு வளையம் பூண்டு பறந்து சென்றன. ஆனால் எண்ணுவதோடும் வளையம் மாட்டுவதோடும் நின்றுவிடாமல், பூநாரைக்கு இடம் அமைத்துத் தரவும் அந்நிலையத்தார் முற்பட்டனர்.

உப்பளத்தைச் சேர்ந்த பாங்காசியே என்னும் நீர்ப்பரப்பின் நடுவே, 1970-இல் மண்ணைக் குவித்து ஒரு தீவு அமைக்கப்பட்டது. உப்புக் காய்ச்சுவோர் வேனிற் காலத்தில் கடல்நீரை இறைத்து நிறைப்பவர். ஆகையால் ஏனைய குட்டைகள் வற்றும் மாதங்களிலும் அங்கு நீர் நிற்கும். தீவு நன்றாகவே அமைந்தது. பூநாரைகளோ அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓராண்டு சென்றது, மற்றோராண்டும் சென்றது. செலவிட்ட பொருள் வீண் என்று கருதியோரும் இருந்திருப்பர். பின்னர் ஒரு வழி தோன்றியது. பூநாரைகள் தனித்த இடத்தை நாடுவதில்லை. முன்பு தம் இனம் கூடு கட்டிய அடையாளம் உள்ள இடத்தையே நம்புகின்றன. எனவே ஆராய்ச்சியாளர்கள் தாமே சேற்றைப் பிசைந்து, பழைய கூடுகளைப்போல் மண்மேடுகள் பலவற்றைத் தீவின்மேல் அமைத்தனர். 1974-ஆம் ஆண்டு வேனிலில் பூநாரைகள் இறங்கின. மனிதன் செய்த கூட்டைக் கண்டு ஏமாந்தனவோ, ஏற்றுக்கொண்டனவோ, முட்டையிட்டன. அதன்பின் நாற்பது ஆண்டளவும் அத்தீவே அவற்றின் பிறப்பிடமாயிற்று. ஆயிரங்கள் பெருகிப் பதினாயிரத்திற்கு மேற்பட்ட இணைகள் கூடிய ஆண்டுகளும் வந்தன.

கோடையில் காமார்க் செல்வது எளிதன்று. வெயில் தரையைச் சுடும். கானல் எழுந்து தொலைநோக்கியில் தெரியும் பறவையின் கால்களை நெளியச் செய்யும். மாலையில் கொசுக்கள் மொய்க்கும். கொசுவை வேரறுக்க வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்து, 2006 முதல் சில பகுதிகளில் நுண்ணுயிர் மருந்து தெளிக்கப்பட்டது. அது கொசுப்புழுவை மட்டுமே கொல்லும், வேறு எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாது என்றனர். ஆராய்ந்து பார்த்தபோது, தெளித்த ஊர்களில் தகைவிலான் இனத்துச் சிறு பறவைகள் தெளிக்காத ஊர்களைவிடக் குறைந்த குஞ்சுகளையே வளர்த்தன என்பது தெரிந்தது. அவற்றின் இரைத்தட்டு குறைந்துவிட்டது.

பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் கலந்த வெண்மை நிறம், அலகும் நேரானது. தாயும் தந்தையும் தம் தொண்டையில் ஊறும் செந்நிறப் பாலை அதற்கு ஊட்டுகின்றன. பத்து நாள் அளவில் குஞ்சுகள் கூட்டை விட்டிறங்கி, ஆயிரக்கணக்கில் ஒருங்கே சேர்ந்து, சில முதிய பறவைகளின் காவலில் நீந்தித் திரியும். அவ்வளவு கூட்டத்திலும் பெற்றோர் தம் குஞ்சின் குரலை அறிந்து, அதற்கு மட்டுமே இரை ஊட்டும்.

1977 முதல் ஆண்டுதோறும், குஞ்சுகள் பறக்கத் தொடங்குமுன், ஒரு விடியற்காலையில் தொண்டர் பலர் நீரில் இறங்கிக் கைகோத்து வளைத்து, குஞ்சுகளை மெல்ல ஒரு பட்டிக்குள் செலுத்துவர். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும் என்பதால் யாரும் உரக்கப் பேசுவதில்லை. சில நூறு குஞ்சுகளை நிறுத்து, அளந்து, காலில் எழுத்தும் எண்ணும் பொறித்த வளையத்தை மாட்டி விடுவர். நெடுந்தொலைவிலிருந்து தொலைநோக்கியால் படிக்கத்தக்க அளவிற்கு அவ்வெழுத்துகள் பெரியவை. ஆதலால் பறவையை மீண்டும் பிடிக்கவேண்டிய தேவை இல்லை. ஸ்பெயினிலோ, சார்தீனியத் தீவிலோ, தூனிசியாவிலோ, துருக்கியிலோ, செனகலிலோ பறவை காண்பவர் யாரேனும் ஒருவர் அதைப் படித்து எழுதியனுப்பினால் போதும். இவ்வாறு சேர்ந்த குறிப்புகளால், சில பூநாரைகள் நாற்பது ஆண்டும் வாழ்கின்றன என்பது புலனாயிற்று. அவற்றுள் சில குளிர்காலத்தில் கடல் கடந்து செல்கின்றன, சில காமார்க்கிலேயே தங்கிவிடுகின்றன என்பதும், முதற் குளிர்காலத்தைக் கழித்த இடத்திற்கே பெரும்பாலானவை பின்னரும் திரும்பிச் செல்கின்றன என்பதும் தெரியவந்தன.

தங்குவது நன்றா, செல்வது நன்றா? நெடும்பயணத்தின் இடர் இல்லாமையால் தங்குவதே நன்று என்று தோன்றும். 1985 சனவரியில் அதற்கு வேறு விடை கிடைத்தது. கடுங்குளிர் வந்து, பல நாட்கள் நீர்நிலைகள் உறைந்தன. பனிக்கட்டிக்கு அடியிலிருந்த இரை பூநாரைகளுக்கு எட்டவில்லை. வலிமை குன்றிய பறவைகளால் பறந்து செல்லவும் இயலவில்லை. ஏறத்தாழ 3000 பூநாரைகள் மடிந்தன. பனி உருகிய பின்னர்க் கரையெங்கும் கிடந்த உடல்களின் கால்களிலிருந்து வளையங்களைக் கழற்றி எண்ணியவர்கள், தாம் குஞ்சாகக் கையில் ஏந்திய பறவைகளையே அங்கு அடையாளம் கண்டனர். கடல் கடந்து சென்ற பறவைகள் வேனிலில் திரும்பி வந்து, பாங்காசியேயில் மீண்டும் கூடு கட்டின.

பூநாரையை எல்லாரும் விரும்புகின்றனர் என்று கருதுதல் தவறு. 1970-களின் இறுதியிலிருந்து அவை இரவில் நெல்வயல்களில் இறங்கலாயின. புதிதாக விதைத்து நீர் கட்டிய வயல், பூநாரையின் கண்ணுக்கு ஆழமற்ற மற்றொரு குட்டையே. நூறு பறவைகள் ஓர் இரவு நடந்தால் முளைகள் மிதிபட்டு அழிகின்றன. வெடி வெடித்தும், விளக்கேற்றியும், இரவெல்லாம் விழித்திருந்தும் உழவர் அவற்றை ஓட்டுகின்றனர். ஓட்டிய பறவை அடுத்த வயலுக்கே செல்கின்றது. உழவரின் சினத்தில் நேர்மை இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. வயல் வரப்புகளில் வேலி மரமும் புதரும் அடர்ந்துள்ள சிறு வயல்களில் பூநாரைகள் இறங்க அஞ்சுகின்றன என்று கண்டறியப்பட்டதால், மரங்களை மீண்டும் நடும் முயற்சி சில இடங்களில் நடைபெறுகின்றது.

காமார்க்கில் பிறந்த எண்ணம் ஒன்று உலகெங்கும் பரவியது. அங்குள்ள சேந்த் மாரி என்னும் கடற்கரை ஊரில், 1962 நவம்பரில், சதுப்பு நிலங்களைக் காப்பது பற்றிப் பல நாட்டு அறிஞர் கூடி ஆராய்ந்தனர். அக்கூட்டத்தை நடத்துவதில் ஹாப்மன் முன்னின்றார். அதன் விளைவாக 1971 பிப்ரவரியில் ஈரான் நாட்டு இராம்சார் நகரில் நாடுகளுக்கிடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதுவரையில் சதுப்பு என்பது தூர்க்கவேண்டிய பாழ்நிலம் என்றே பல அரசுகள் கருதி வந்தன. இந்தியா 1982-இல் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. காமார்க் 1986-இலும், தமிழ்நாட்டின் கோடியக்கரை 2002-இலும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. கோடியக்கரையின் உப்பு நீரில் குளிர்காலத்தில் நின்று இரை தேடும் பெரும்பூநாரையும், வக்கரேசில் நிற்கும் பூநாரையும் ஒரே இனத்தவை. ஹாப்மன் 2016-இல் காலமானார்.

அவர் நிலையத்தார் அமைத்த தீவின் நிலையும் மாறிவிட்டது. உப்பு வாணிகம் சுருங்கியதால் 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிலுள்ள உப்பளங்களின் பெரும்பகுதி கடற்கரைக் காப்புக்கென அரசு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. கடல்நீர் இறைக்கும் பொறிகள் நின்றன. நீர் தன் விருப்பப்படி வரவும் வற்றவும் விடப்பட்டதால், பழைய உப்புப்பாத்திகளில் புல்லும் மீனும் திரும்பின. பாங்காசியேத் தீவைச் சுற்றி மட்டும் முன்போல் ஆண்டுதோறும் நீர் நிற்கவில்லை. இயற்கைக்குத் திருப்பிக் கொடுத்த நிலத்தைப் பூநாரை கைவிட்டது. 2015-ஐ ஒட்டி அவை மேற்கே எக் மோர்த் என்னும் ஊரின் அருகே இன்றும் உப்பு விளையும் பாத்திகளுக்குச் சென்று கூடு கட்டலாயின.

குளிர்காலத்தில் மட்டும் அவை பழையபடி வக்கரேஸ் கரையில் கூடி ஆடுகின்றன. மாலையில் காற்று அடங்கும் வேளையில், கரைமேட்டின்மேல் தொலைநோக்கியை ஊன்றி, பறவை காண்போர் ஒவ்வொரு காலாகத் தேடுகின்றனர். நூற்றில் ஒரு காலில் வளையம் தென்படும். நெடுங்காலம் வெயிலிலும் உப்பிலும் நின்றதனால் அதன் நிறம் மங்கியிருக்கும். முதல் எழுத்தையும் இரண்டாம் எழுத்தையும் குறித்துக்கொள்வதற்குள் பறவை அக்காலை மடக்கி இறகினுள் மறைத்துக்கொண்டு, கழுத்தைச் சுருட்டி உறங்கத் தொடங்கிவிடும். எஞ்சிய எழுத்துகளுக்காக அவர்கள் குறிப்பேட்டைத் திறந்தபடியே காத்திருக்கின்றனர்.